ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு பூப்பெட்டி

என் வேலை என்ன என்று யாராவது கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் யோசிப்பேன். புதிதாகச் செய்த ஒரு கருவி எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறது என்று பார்த்து அதற்கு ஓர் எண் போடுவது என்று சொன்னால், கேட்டவர் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும். "அப்ப நீ எதையும் செய்யல. செஞ்சவங்களுக்கு மார்க் போடுற" என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். அன்று குழந்தைக்குக் காய்ச்சல், இருவருமே சரியாகத் தூங்கியிருக்கவில்லை. அதனால் அது எனக்கு விளையாட்டாகப் படவில்லை.

அந்த எண் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. ஒன்று என்றால் அது யாரோ ஒருவரின் தலைக்குள் இருக்கும் யோசனை. நான்கில் அது ஆய்வுக்கூட மேசைமேல் ஓடும். ஆறு என்றால், செய்தவர்கள் பக்கத்தில் நிற்க, களத்தைப் போன்ற ஓர் இடத்தில் ஒழுங்காக வேலை செய்கிறது. ஏழு என்றால், உண்மையான இடத்தில், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் கையில், அவர்களுடைய சாதாரண நாட்களில் வேலை செய்கிறது. ஒன்பது என்றால் மிக்சி மாதிரி, கடையில் வாங்கி வந்து வைத்துவிட்டு அதைப் பற்றி நினைக்காமலே இருக்கலாம். அலுவலகத்தில் இதை லெவல் என்பார்கள். நான் எனக்குள் படி என்று சொல்லிக்கொள்வேன். ஆறாம் படிக்கும் ஏழாம் படிக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்பது பயிற்சி வகுப்பில் எனக்குத் தெளிவாகப் புரிந்த மாதிரிதான் இருந்தது.

போன வருடம் நான் எண் போட வேண்டியிருந்தது ஒரு பூப்பெட்டிக்கு.

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் போகும் ரோட்டில், சாணார்பட்டியைத் தாண்டி உள்ளே போனால் மல்லிகை போடுகிற ஒரு ஊர். அரும்பை விடியும் முன்பே பறித்தால் காலை மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும். ஆள் கிடைக்காமல் வெயில் ஏறிய பிறகு பறித்த அரும்பு அன்று சாயங்காலத்துக்குள் விரிந்துவிடும். விரிந்த பூவை வியாபாரி கையால் தொட மாட்டார். அந்தப் பிந்திய அரும்பை மறுநாள் விடியும்வரை விரியாமல் வைத்திருக்கக் கரண்ட் கேட்காத ஒரு பெட்டி. பெட்டியின் பக்கங்களில் நனைந்த நார் மெத்தை. மேலே ஒரு டிரம், அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கி நாரை நனைக்கும். சோலார் தகட்டில் ஓடும் ஒரு சின்ன விசிறி வெளிக்காற்றை அந்த ஈரத்தின் வழியாக உள்ளே இழுக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விஷயம்தான்.

அதை மூன்று தரப்பும் சேர்ந்து செய்தோம். விசிறியும் கணக்கும் எங்கள் கல்லூரி. கடையில் விற்கும் காகித மெத்தைக்குப் பதிலாகத் தேங்காய் நார் போடலாம் என்ற யோசனை, அந்த ஊர்ப் பெண்களின் பூ விவசாயக் குழுவுடையது. பெட்டியின் உடம்பும் மூடியும் திண்டுக்கல்லில் ஹோட்டல் சாமான் செய்யும் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாயுடையது. கல்யாண வீட்டுக்குப் பிரியாணியைச் சூடு போகாமல் கொண்டுபோகும் பெரிய டப்பா செய்வதில் அவர் பெயர் பெற்றவர். "சூட்ட வெளிய விடாத மூடி, குளிர மட்டும் விட்டுருமா" என்று முதல் கூட்டத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் மூடி அவர் சொன்னபடிதான் ஆனது. பெட்டி யாருடையது என்று கேட்டால் மூன்று தரப்பும் நம்மது என்றுதான் சொல்லும். அதைப் பெருமையாக நான் அறிக்கையில் எழுதியும் இருந்தேன்.

மிச்சம் இருந்தது என் எண் மட்டும். நான் ஏழு என்று எழுதினால், தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பே அதே மாதிரிப் பெட்டிகள் பல ஊர்களுக்குப் போகும். ஆறு என்று எழுதினால் போகாது. திட்டமே அதோடு நின்றாலும் நிற்கலாம், நின்றால் என் ஒப்பந்தமும் அதோடு முடியும். ஆனால் தவறாக ஏழு எழுதிவிட்டால், முன்பின் தெரியாத ஏதோ ஓர் ஊரில் ஒரு பெண் பெட்டியை நம்பிப் பூவை அடுக்கிவிட்டுப் படுப்பாள். காலையில் மூடியைத் திறந்தால் எல்லாம் விரிந்திருக்கும். அந்தப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அவள் முகம் வந்து வந்து போகும்.

குழுவின் தலைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முதலில் அவர் என்னை மேடம் என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு போன நாளோடு அது மாறிவிட்டது. சனிக்கிழமைகளில் மகளை விட்டுப்போகும் குழந்தைகள் காப்பகம் கிடையாது, வீட்டுக்காரருக்கு மில்லில் ஷிப்ட். வேறு வழியில்லாமல்தான் தூக்கிக்கொண்டு போனேன். வேலைக்குப் போகிற இடத்துக்குப் பிள்ளையோடு போகலாமா, போனால் என்ன நினைப்பார்கள் என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே போனேன். இறங்கியதும் அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏத்தா, பிள்ளைக்கு என்ன குடுக்குற, வெறும் பருப்புத் தண்ணியா, காய்கறி வெஞ்சனம் எதுவும் பழக்கலையா" என்று கேட்டபடி நடந்தார். நான் தெர்மாமீட்டர் பையோடு பின்னால் போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நான் கேட்பதற்கு அவர்களிடம் ஒரே பதில்தான்.

"பெட்டி எப்படிக்கா இருக்கு?"

"நல்லாருக்கு."

"மூடி திறக்க மூடக் கஷ்டமா இருக்கா?"

"அதெல்லாம் நல்லாருக்கு."

"நார் மெத்தை?"

"ரொம்ப நல்லாருக்கு. நீ சாப்டியா?"

புரட்டாசி வெயிலில் பெட்டி உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. ஐப்பசி பிறந்து நாலைந்து நாள் மூட்டம் போட்டபோது ஒரு முறை போனேன். அன்று மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டதும் தெரிந்துவிட்டது. வெளியே இருக்கிற அதே புழுக்கம் உள்ளேயும்.  தெர்மாமீட்டர் காட்டிய அளவை எழுதிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஒரு நாள் அளவை வைத்து முடிவு செய்யக்கூடாது, இன்னும் இரண்டு மூன்று முறை வருகிறேன் என்று மட்டும் அக்காவிடம் சொன்னேன்.

அடுத்த முறை போனதும் ஒரு தூறல் நாள். வானம் முழுக்க மேகம், விசிறி மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். உள்ளே ஜில்லென்று இருந்தது. அரும்பு ஒவ்வொன்றும் அப்போதுதான் பறித்த மாதிரி கெட்டியாக இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சிரித்ததும் அவர்களும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்குள் அரிக்கத் தொடங்கியது. ஈரம் காய்ந்தால்தான் குளிர்ச்சி. காற்றிலேயே ஈரம் நிறைந்திருக்கும் நாளில் நார் எப்படிக் காயும்? வெப்பமானி காட்டிய அளவு அந்தக் காற்றில் அந்தப் பெட்டிக்கு வரவே வராது. நான் படித்த பாடத்தில் அது முதல் அத்தியாயம். ஆனாலும் நான் பாடத்தைச் சந்தேகப்படவில்லை, பெட்டியையும் சந்தேகப்படவில்லை, என்னைத்தான் சந்தேகப்பட்டேன். மானியைத் தப்பாக வைத்தேனோ, அவசரத்தில் தப்பாகப் படித்தேனோ, பிள்ளை அழுதபோது வேறு எதையோ எழுதினேனோ. வீட்டுக்கு வந்து மானியைக் கொதிக்கிற தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம்தான் மகளுக்கு ஒன்றரை வயதுத் தடுப்பூசி. சுகாதார நிலையத்தில் சிஸ்டர் வரிசையாகக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். "தனியா நடக்குதா?" என்றார். "நடக்குறா" என்று உடனே சொல்லிவிட்டேன். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது என் சுடிதார் நுனி அவள் கையில் இருந்தது. அவள் தனியாக நடக்கிறாளா, நான் கை எட்டும் தூரத்தில் இருப்பதால் நடக்கிறாளா? நான் இல்லாத இடத்தில் அவள் எப்படி நடக்கிறாள் என்று நான் எப்படிப் பார்ப்பது? திரும்பப் போய் சிஸ்டரிடம் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். என்னவென்று சொல்வது. ஆட்டோ வந்தது, ஏறிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி பெட்டியோடு சேர்ந்துகொண்டது. அந்தப் பெட்டியை நானும் என் கை எட்டும் தூரத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

மூடியின் தடிமன் விவரம் ஒன்று அறிக்கைக்குத் தேவைப்பட்டதால் மறுநாள் பாயின் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு பெரிய அடுப்புக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தார். கேட்டதைச் சொல்லிவிட்டு, "மூடி ஓரத்து ரப்பர் மட்டும் இப்ப போட்டது நல்ல ரப்பர் தங்கச்சி, இனி பிஞ்சுக்காது" என்றார்.

"ரப்பர் பிஞ்சதா பாய்? எப்ப?"

பாய் ஒரு நிமிடம் அடுப்பைப் பார்த்தார். "நத்தத்துக்குக் கல்யாண சாமான் டெலிவரி இருந்துச்சு. போற வழிதான. எட்டிப் பாத்தேன், மாத்திட்டு வந்தேன்."

"ஒரு தடவையா?"

"நத்தம் போறப்பல்லாம்."

"எங்கிட்ட சொல்லலையே பாய்."

"சொன்னா நீ எழுதுவ" என்றார், குறையாக இல்லாமல், மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி. "நீ எழுதுனா காலேஜ்ல என்ன சொல்லுவாங்க? பிரியாணி டப்பா செய்றவன்ட்ட பூப்பெட்டி குடுத்தா இப்பிடித்தான்பாங்க. அந்தப் பேச்சு நமக்கு எதுக்கு? பெட்டி நல்லாத்தான இருக்கு. ஒக்காரு, டீ சொல்றேன்."

டீயைக் குடித்தேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்கு வருகிறேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். அன்று மகள் வெகு சீக்கிரம் எழுந்துவிட்டாள். வீட்டில் அவளைச் சமாளிப்பதற்குப் பஸ்ஸில் சமாளித்துக்கொள்ளலாம் என்று முந்தின பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். காரணம் அது மட்டும்தானா, வேண்டுமென்றே முந்திப் போனேனா என்று இப்போதும் எனக்குத் திட்டமாகச் சொல்லத் தெரியவில்லை.

பெட்டி இருந்த கொட்டகைக்குள் நுழைந்தபோது அக்கா குனிந்து அடித்தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு வாளி. வாளிக்குள் பாலித்தீன் பைகளில் கட்டி உறைய வைத்த ஐஸ், ஈரத்துணியில் சுற்றி. நாலைந்து பெண்கள் சுற்றி நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி வாளியை முந்தானையால் மறைக்கப் பார்த்தாள். என் மகள் அதே வாளியைக் காட்டி ஏதோ சொன்னாள்.

"ஏத்தா, பத்து மணி பஸ்ஸுக்குல்ல வாரேன்ன" என்றார் அக்கா.

"முன்னாடியே கிளம்பிட்டேன்க்கா."

"செத்த நேரம் கழிச்சு வந்தாத்தான் என்ன?"

பின்னாலிருந்து ஒரு பெண், "நாந்தான் அப்பவே சொன்னேன், வாளிய மூடி எடுத்துட்டுப் போன்னு" என்றாள். இன்னொருத்தி, "ஃப்ரிட்ஜ்ல மாவு வைக்க எடமில்லாம அக்கா அம்புட்டு ஐஸையும் வச்சுக் காத்துக் கெடந்துச்சு. இப்ப மேடம் வந்து கையும் களவுமா பிடிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. நாற்காலி எதுவும் இல்லை, பூக்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எதுக்குக்கா இது?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு மூட்டம் போட்ட நாள்ல வந்தேல்ல. பெட்டியத் தொறந்து பாத்ததும் ஒன் மூஞ்சி சுண்டிப்போச்சு. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு அம்புட்டு தூரம் பஸ்ஸுல வந்துட்டு, வாடிப்போயி திரும்புற. அத எங்களால பாக்க முடியல. வந்த பிள்ளைய வெறுங்கையோட அனுப்புறதா?"

விருந்தாளிக்குச் சோறு போடுவது மாதிரி எனக்கு ஒரு நல்ல அளவைப் போட்டிருக்கிறார்கள். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"மத்த நாள்ல பெட்டி எப்படிக்கா இருக்கு? உண்மையைச் சொல்லுங்க."

"வெயிலடிச்சா ஜோரா இருக்கு. மூட்டம் போட்டா பெட்டிக்கும் சளி பிடிச்சுக்கிருது. நாங்க பாட்டுக்கு ஈரத்துணி போட்டு மூடிட்டுப் போயிருவோம்."

"தண்ணி யாரு ஊத்துறது? முறை வச்சிருக்கீங்களா?"

"நீதான்" என்றாள் மாவைப் பற்றிச் சொன்ன பெண்.

"நானா?"

"காலைல நீ அக்காவுக்குப் போன் போடுவேல்ல, தண்ணி ஊத்தியாச்சான்னு. போன் வந்ததும் அக்கா எங்கள வையும். யாராவது ஓடிப்போயி ஊத்துவோம். போன ஞாயித்துக்கிழம நீ போன் போடல. டிரம்மு காஞ்சு கெடந்துச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வயிற்றுப்போக்கு. போன் செய்யவில்லை என்று அன்று முழுக்கக் குற்ற உணர்வோடு இருந்தேன். தினமும் காலையில், பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டே, ஒரு கையால் போனைப் பிடித்து நான் கேட்ட அந்தக் கேள்வியை என் பொறுப்புணர்ச்சி என்று நினைத்திருந்தேன். அது பெட்டியின் ஒரு பாகமாக ஆகியிருந்தது. விசிறி, நார், டிரம், பாயின் டெலிவரி வண்டி, அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ், என் போன். இத்தனையும் சேர்ந்தால்தான் அந்தப் பெட்டி ஒரு முழுப் பெட்டி. அடுத்துப் பெட்டி போக வேண்டிய ஊர்களில் ஒன்றான தொப்பம்பட்டிக்கு அதை அனுப்பினால் இதில் பாதி கூடப் போகாது.

அக்காவுக்கு அந்தத் தொப்பம்பட்டிதான் கவலை. அவருடைய நாத்தனார் அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறார், பூ போடுகிறார். உங்களுக்கும் பெட்டி வருகிறது என்று அக்கா சொல்லி வைத்திருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, என் மடியில் வைத்துவிட்டார்.

"ஏனுங்க மேடம், எங்களுக்குப் பெட்டி எப்பங்க வருமுங்க?" என்றது ஒரு குரல், வாக்கப்பட்ட ஊர்ப் பேச்சில், ரொம்ப மரியாதையாக.

நான் இதுவரை கற்பனையில் மட்டும் பார்த்த அந்தப் பெண் இப்போது பேசிவிட்டாள். "பாத்துட்டு இருக்கோம்க்கா" என்றேன். 

போனை வைத்ததும் அக்காவிடம் சொன்னேன். "ஒரு வாரம் நான் போன் பண்ண மாட்டேன். பாய் வர மாட்டார், நான் சொல்லிடறேன். நீங்க ஐஸ் வைக்கக் கூடாது. கொஞ்சம் பூ மட்டும் வச்சுப் பாருங்க. என்ன நடக்குதோ அது நடக்கட்டும். கெட்டா கெட்டதுன்னு எங்கிட்ட சொல்லணும்."

"கெட்டா ஒனக்கு வேல போயிராதா?"

"தெரியலக்கா."

"அப்ப எதுக்கு?"

"ஒங்க நாத்தனாருக்கு யாரு ஐஸ் வைப்பா?"

 அக்கா வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய் ஐஸைச் செடிப் பக்கம் கொட்டினார்.

அந்த வாரம் எனக்கு நீளமான வாரம். காலையில் இட்லித் தட்டை எடுத்தால் மறு கை தானாகப் போனுக்குப் போகும். எடுத்துவிட்டுத் திரும்ப வைப்பேன். ஒரு முறை போன் செய்தால் என்ன, தண்ணீர் பற்றிக் கேட்காமல் நலம் மட்டும் விசாரிக்கலாமே என்று நினைப்பேன். நலம் விசாரித்தாலே அவருக்குத் தண்ணீர் ஞாபகம் வந்துவிடும். அந்த ஊரில் வானம் எப்படி இருக்கிறதோ என்று எங்கள் மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் கிழக்கே பார்த்தேன். அவர்களுடைய பூ கெடுவதற்கு நான் வழி செய்துவிட்டு இங்கே துணி காயப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றும். சரியாகத்தான் செய்கிறேனா என்று கேட்க யாருமில்லை. வீட்டுக்காரரிடம் கேட்டேன். "நீ சரின்னா சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். பாவம், அவர் ஷிப்ட் முடித்து வந்தவர்.

வாரம் முடிவதற்கு முன்பே ஒரு காலையில் அக்காவின் போன் வந்தது. வணக்கமில்லை, சாப்பிட்டாயா இல்லை.

"ஏத்தா, ஒன் பெட்டியில எம்பூவு பூராம் விரிஞ்சுருச்சு. காலைல மூடியத் தொறந்தா கல்யாண வீட்டு வாசம் வருது. ஒரு அரும்பு மிச்சமில்ல."

"கொஞ்சமா வைக்கச் சொன்னேனேக்கா."

"ரெண்டு நாளு நல்லா இருந்துச்சு. நம்பி வச்சேன். மூட்டம் போட்டுச்சு, டிரம்முல தண்ணியும் இல்ல. இவ ஊத்துவான்னு அவ இருந்தா, அவ ஊத்துவான்னு இவ இருந்தா. பூவக் கோயிலுக்குக் குடுத்துட்டேன். அம்மனுக்கு விரிஞ்சா என்ன, விரியாட்டி என்ன. ஆனா ஒண்ணு கேட்டுக்க. மூடி என்னா கனம் கனக்குது. ஒரு பொம்பள ஒத்தையில தூக்குற மூடியா அது? பின்பக்கம் தகரம் கையக் கிழிக்குது. இன்னொன்னு, அந்த நாரு ஒரு மாசத்துல பூசணம் பிடிச்சு நாறுது. நாங்களே நாரு நாருன்னு சொல்லிக் குடுத்துட்டோம், இப்ப எப்பிடிச் சொல்றதுன்னு வாய மூடிக்கிட்டு இருந்தோம்."

பின்னால் வேறு குரல்கள். அதையும் சொல்லு, இதையும் சொல்லு என்று. நான் இட்லித் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையில் கிடைத்த கரண்ட் பில்லின் பின்புறத்தில் எழுதிக்கொண்டே இருந்தேன். இத்தனை மாதங்களில் அவர்கள் என்னிடம் முதல்முறையாகப் பெட்டியைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அழுகை வந்தது. பூ போனதற்கா, அவர்கள் திட்டியதற்கா என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு அன்று இல்லை. மகள் தட்டிலிருந்த இட்லியை எடுத்து என் முழங்காலில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றே சாரிடம் போனேன். சார் எங்கள் திட்டத்துக்குத் தலைவர், நல்ல மனிதர். முகூர்த்தத்துக்கு முன் பெட்டிகள் போக வேண்டும் என்று யார் யாரிடமோ பேசிப் பேசி அவரும் களைத்திருந்தார்.

"ஒரு நாள் தவிர ரீடிங் எல்லாம் நல்லாத்தானேம்மா இருக்கு. ஏழு போட என்ன தயக்கம்?"

"ரீடிங்ல ஐஸ் இருக்கு சார்."

நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "இதையெல்லாம் எழுதணுமா? அந்தப் பொண்ணுங்க பேர் கெட்டுப்போயிடாதா?"

"அவங்க ஐஸ் மட்டுமில்ல சார். பாய் மாத்தின ரப்பரையும் எழுதறேன். பாய்கிட்ட சொல்லிட்டேன். என் போனையும் எழுதறேன். சேர்ந்து செஞ்ச எல்லாரும் சேர்ந்து அதைத் தாங்கிப் பிடிச்சிட்டு இருந்திருக்கோம். ஒருநாள்கூட அதைத் தனியா விடல."

"அப்ப ஆறு."

"ஆறுதான் சார். சில சமயம் யோசிச்சா ஐந்தோன்னுகூட..."

"ஐந்துன்னு மட்டும் சொல்லிடாதம்மா" என்றார், இரு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

ஆறு என்று எழுதினேன். தையில் எந்த ஊருக்கும் பெட்டி போகவில்லை. திட்டம் நிற்கவும் இல்லை, நடக்கவும் இல்லை, பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள். என் ஒப்பந்தத்தை மாதம் மாதமாக நீட்டுகிறார்கள். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் நான் ஏழு எழுதியிருந்தால் என்று ஒரு முறையும், ஐந்து எழுதியிருக்க வேண்டுமோ என்று ஒரு முறையும் நினைத்துக்கொள்கிறேன். தொப்பம்பட்டி நாத்தனாரிடம் அக்காவே பேசிவிட்டாராம். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

பெட்டியை மட்டும் அந்த ஊரிலேயே விட்டுவைக்க சார் சம்மதித்தார். போன மாதம் பாயின் வண்டியில் அவரோடு நானும் மகளும் போனோம். இந்த முறை பாய் ஒளிந்து போகவில்லை. வண்டியிலிருந்து இறங்கும் முன்பே பெண்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாய், ஒங்க வீட்டுல பிரியாணி டப்பா மூடிய யாரு தூக்குறது, நீங்களா, பாபியா?"

"ரெண்டு ஆளு வச்சுத் தூக்குவோம்" என்றார் பாய்.

"அப்ப ரெண்டு ஆளையும் பெட்டியோட சேத்து அனுப்பிருக்க வேண்டியதுதான?"

பாய் அசடு வழியச் சிரித்தார். மூடியை இரண்டு பாதியாகப் பிரித்துக் கீல் வைக்க அளவெடுத்தார். தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் மிதவை மாதிரி ஒன்றை டிரம்மில் வைத்துக் குழாயோடு இணைத்துவிட்டால் யாரும் ஊற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். "குழாயில தண்ணி வர்ற அன்னைக்கு" என்றாள் ஒருத்தி. அதையும் எழுதிக்கொண்டேன். மூட்ட நாளுக்கு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. டீ கடைசியாகத்தான் வந்தது. அதுவரை குறைகள்தான்.

கிளம்பும்போது அக்கா ரோடு வரைக்கும் வந்தார். பாய் நத்தம் போக வேண்டியிருந்ததால் நாங்கள் பஸ்ஸுக்கு நின்றோம். மகள் என் சுடிதாரை விட்டுவிட்டு, அக்காவின் கையையும் பிடிக்காமல், ரோட்டோரப் புல்லில் ஒரு ஆட்டுக்குட்டியைப் பார்த்து நாலு எட்டு போனாள். நான் பின்னாலேயே போய்ப் பிடித்துவிட்டேன். ரோடு.

"ஏழு எப்ப போடுவ?" என்றார் அக்கா.

"தெரியலக்கா."

பஸ் தூரத்தில் தெரிந்தது. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். "அக்கா, அந்தத் தண்ணி..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"கேக்காத" என்றார் அக்கா. "நீ கேட்டேன்னா மறுபடியும் ஆறுதான்."

நான் கேட்கவில்லை. பஸ் வந்து நின்றது. உட்கார இடம் இருந்தது.